ஊசி கேட்டால் திட்டு: பயிற்சி பற்றி வாசகர் கேள்விகள்

திருப்பூரில் செக்கிங் டேபிளில் வேலையைத் தொடங்கி, 31 வருடம் கழித்துப் பயிற்சி மேலாளராக ஓய்வு பெற்றவர் இந்தப் பக்கத்தில் பதில் சொல்கிறார். இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறோம், வேலை மட்டும் மாறவில்லை, ஏன்?

ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் ஹெச்.ஆர். ஆக இருக்கிறேன். போன வருடம் 14 பயிற்சி வகுப்புகள் நடத்தினேன். கருத்துப் படிவத்தில் எல்லோரும் ‘மிக நன்று’ போட்டிருக்கிறார்கள். ஆனால் ரிஜெக்‌ஷன் குறையவில்லை. ‘இத்தனை செலவு பண்ணி என்னத்தைக் கண்டோம்?’ என்று முதலாளி கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது?
– வாசகி, திருப்பூர்

முதலாளி கேட்டது நியாயமான கேள்விதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். சமோசா சாப்பிட்ட கையோடு நிரப்பித் தரும் படிவத்தில் ‘மிக நன்று’ என்றுதான் வரும். சமோசா நன்றாக இருந்தது என்று அதற்கு அர்த்தம்.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-லேயே இதற்கு நான்கு படி வகுத்துக் கொடுத்துவிட்டார். வகுப்பு பிடித்திருந்ததா, விஷயம் மண்டையில் ஏறியதா, வேலையில் செய்கிறார்களா, கம்பெனிக்கு அதனால் பலன் உண்டா. நம் ஊரில் முதல் படியிலேயே உட்கார்ந்து கையெழுத்து வாங்கிக் கோப்பில் போட்டுவிடுகிறோம். ஆடிட் வந்தால் காட்ட அது போதும், அவ்வளவுதான்.

நான் அடிபட்ட கதை ஒன்று உண்டு. கம்பெனி பெயர் வேண்டாம். ஐரோப்பா ஆர்டர், சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பனியன் துணியில் குழந்தைகள் டீ-ஷர்ட். வாஷ் டெஸ்ட்டில் தோள் தையலை ஒட்டி வரிசையாகப் பொடி ஓட்டைகள், குண்டூசியால் குத்தின மாதிரி. உடனே மீட்டிங். ‘டெய்லருங்களுக்கு அக்கறையே இல்லை, ஒரு கிளாஸ் எடுங்க’ என்று எனக்கு உத்தரவு. எடுத்தேன். புரொஜெக்டரில் ஓட்டையைப் பெரிதாகக் காட்டி, ‘இதைப் போட்டுக்கப் போறது ஒரு பச்சைக் குழந்தை’ என்றெல்லாம் உருகினேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே ஓட்டை.

அப்புறம்தான் புத்தி வந்து லைனில் போய் நின்றேன். ஓவர்லாக் மெஷினில் இருந்த ஒரு பெண், நான் கேட்காமலே ஊசியைக் கழற்றி, முனையைத் தன் கட்டைவிரல் நகத்தின் மேல் மெதுவாக இழுத்துக் காட்டினாள். நகத்தில் வெள்ளைக் கீறல். பனியன் துணிக்குப் போடும் ஊசியின் முனை உருண்டையாக இருக்க வேண்டும். அது நூலைக் குத்தாது, கண்ணியை விலக்கிக்கொண்டு இறங்கும். முனை சிலும்பிவிட்டால் நூலை அறுத்துவிடும். அறுந்தது தைக்கும்போது தெரியாது. தண்ணீரில் போட்டு எடுத்தால் கண்ணி பிரிந்து ஓட்டையாக நிற்கும்.

“தெரிஞ்சுமா மாத்தாம இருக்கே?”

“ஊசி கேட்டா வையறாங்கக்கா.”

இதில் ஒளிந்திருந்த சங்கதி என்னவென்றால், ஊசித் துண்டு துணியில் போய்விடக் கூடாது என்று பையர்கள், அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், கறாராக விதி வைத்திருக்கிறார்கள். பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புது ஊசி. உடைந்திருந்தால் எல்லாத் துண்டையும் தேடியெடுத்து நோட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். விதியில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் எங்கள் ஸ்டோர் மாடியில். போய்வரப் பத்து நிமிடம். போனால் ‘நேத்துத்தானே வாங்குனே’ என்ற பாட்டு. திரும்பி வந்தால், மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் ஹவர்லி போர்டைக் காட்டி சூப்பர்வைசர் ஆரம்பிப்பார். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸுக்குத்தான் கூலி என்று தைக்கிறவள் எதற்குப் படியேறுவாள்? போதாக்குறைக்கு, முந்தின ஆர்டர் கனத்த ஃப்ளீஸ் துணி. அதற்குப் போட்ட 14-ஆம் நம்பர் ஊசியே சில மெஷின்களில் கிடந்தது. மெல்லிய ஜெர்சிக்கு 9, 10 போதும்.

லைனுக்கு ஒரு ஊசிப் பெட்டி, நோட்டு சூப்பர்வைசரிடம், துணி மாறும் அன்று காலையில் எல்லா மெஷினிலும் ஊசி மாற்றம். ஓட்டை நின்றுபோனது. டெய்லர்களுக்கு அதன் பிறகு நான் ஒரு வார்த்தை வகுப்பெடுக்கவில்லை. பயிற்சி தேவைப்பட்டது ஸ்டோர்காரருக்கு: எந்தத் துணிக்கு எந்த நம்பர் என்று, நின்றுகொண்டே அரை மணி நேரம்.

தாமஸ் கில்பர்ட் என்பவர் 1978-ல் இதை ஆறு கட்டமாகப் போட்டுக் காட்டினார். மேலே மூன்று கட்டம் கம்பெனி கையில்: என்ன செய்யணும் என்ற தகவல், செய்வதற்கான கருவி, செய்தால் கிடைப்பது. கீழே மூன்று ஆளிடம்: தெரிந்திருப்பது, உடம்பால் முடிவது, மனசு. மேல் வரிசையிலிருந்து தேடு என்பது அவர் கணக்கு. அங்கே சரிசெய்வதுதான் மலிவு. நாமோ நேராகக் கீழ் வரிசைக்குத் தாவி, அதிலும் ‘தெரியலை’ என்ற ஒரே கட்டத்தில் போய் நின்றுகொள்கிறோம்.

முதலாளியிடம் இப்படிக் கேளுங்கள்: “அடுத்த மூணு மாசம் வகுப்புக் கணக்குக் காட்டச் சொல்லாதீங்க. செக்கிங் ரிப்போர்ட்ல அதிகம் விழுகிற ஒரே ஒரு தப்பை எடுத்துக்கறேன். நூறு பீஸுக்கு இன்னிக்கு எத்தனைன்னு எழுதி வைக்கிறேன். மூணு மாசம் கழிச்சு அதே நம்பரைக் கேளுங்க.” ஒன்றே ஒன்று போதும். இரண்டு என்று ஆரம்பித்தால் மறுபடி பவர்பாயிண்ட்டில் போய் முடியும்.

போன இதழில் ‘ஆள் சரியில்லை என்று சொல்லுமுன் இடத்தைப் பாருங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் சோம்பேறியே உலகத்தில் கிடையாதா? எல்லாப் பழியும் நிர்வாகத்துக்குத்தானா?
– வாசகர், கரூர்

உண்டு, ஏன் இல்லை. என்னோடு வேலை செய்த சிலரின் பெயரே எனக்குத் தூக்கத்தில் கூட வரும்.

அதைக் கண்டுபிடிக்க ராபர்ட் மேகர், பீட்டர் பைப் என்ற இருவர் 1970-ல் ஒரு கேள்வி கொடுத்தார்கள். என் பாஷையில் சொல்வதென்றால், ‘கழுத்தில் கத்தி வைத்தால் செய்துவிடுவானா?’ செய்துவிடுவான் என்றால் அவனுக்கு வேலை தெரியும்; வகுப்பில் உட்கார வைப்பது வீண். தெரிந்தும் ஏன் செய்யவில்லை என்று அடுத்துக் கேளுங்கள். சரியாகச் செய்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது? பல இடங்களில் நல்ல வேலைக்காரனுக்குக் கிடைக்கும் பரிசு, அடுத்தவன் வேலையும் சேர்த்துத்தான். அதையெல்லாம் சரி செய்த பிறகும் நகரவில்லை என்றால், அப்போது சோம்பேறி என்று சொல்லுங்கள், நானும் கூட நிற்கிறேன்.

பத்து வருடம் டெய்லராக இருந்து இப்போது சூப்பர்வைசர். புதுப் பிள்ளைகளுக்குக் கழுத்து ரிப் (டீ-ஷர்ட் கழுத்தைச் சுற்றி வரும் பட்டி) வைக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். நானே உட்கார்ந்து மூன்று பீஸ் தைத்துக் காட்டுகிறேன். ‘புரிஞ்சுதுங்ண்ணா’ என்கிறார்கள். தைத்தால் கழுத்து அலையடிக்கிறது. பாதிப் பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், பாஷையும் இடிக்கிறது.
– வாசகர், அவிநாசி

தம்பி, உங்கள் கை வேகம்தான் இங்கே பிரச்சினை. பத்து வருஷக் கை என்ன செய்கிறது என்று உங்களுக்கே தெரியாது. அவர்கள் எதைப் பார்த்துக் கற்பார்கள்?

ஒரு நாள் ராத்திரி வேலை முடிந்ததும் தனியாக உட்கார்ந்து ஒரு பீஸை ஆமை வேகத்தில் தையுங்கள். கை எங்கெங்கே நிற்கிறதோ அங்கெல்லாம் நிறுத்தி ஒரு தாளில் எழுதுங்கள். நான் எழுதியபோது வந்தது இது. ரிப் கழுத்தைவிடச் சின்னது, இழுத்துத்தான் வைக்க வேண்டும். ரிப்பையும் கழுத்தையும் நான்காக மடித்து நான்கு இடத்தில் குறி. ரிப்பின் ஜாயிண்ட் இடது தோள் பக்கம். அப்புறம் குறியோடு குறி சேர்த்து, ஒரு குறியிலிருந்து அடுத்த குறி வரை ரிப்பை மட்டும் இழுத்து, உடம்புத் துணியை சும்மா விட வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் உயிர் இருக்கிறது. புதுப் பிள்ளை பயத்தில் இரண்டையும் சேர்த்து இழுப்பாள். கழுத்து அலையடிப்பது அதனால்தான். இடது கை என்ன செய்கிறது என்று நீங்கள் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் உங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்காவில் இதே சிக்கல். பழகின ஆட்கள் போருக்குப் போய்விட்டார்கள்; தொழிற்சாலையில் எல்லாம் புது முகம். அப்போது டி.டபிள்யூ.ஐ. (டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி, தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி) என்று ஒரு திட்டம் போட்டு, 16 லட்சத்துக்கும் அதிகமான பேருக்குப் பயிற்சி கொடுத்துச் சான்று தந்தார்கள். அதில் ஒரு பகுதி, மேஸ்திரிகளுக்கு ‘எப்படிச் சொல்லிக் கொடுப்பது’ என்று சொல்லிக் கொடுப்பது. முதலில் பயிற்சி கொடுப்பவர் ஒரு மின்வயரில் முடிச்சுப் போடும் விதத்தை வாயால் மட்டும் விளக்குவார். யாருக்கும் புரியாது. பிறகு பேசாமல் போட்டுக் காட்டுவார். அப்போதும் யாராலும் போட முடியாது. நீங்கள் தைத்துக் காட்டும் மூன்று பீஸ் இந்த இரண்டாவது ரகம்.

அதற்கு அவர்கள் கண்ட வழி போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவில் வேரூன்றியது. நம் லைனுக்கு அதை நான் இப்படித்தான் வைத்துக்கொண்டேன். முதலில் பிள்ளையின் பயத்தைப் போக்கி, ஏற்கெனவே என்ன தைத்திருக்கிறாள் என்று கேட்பது. அடுத்து, எதிரில் நின்று காட்டாமல், அவள் பக்கத்தில் அவள் பார்க்கும் திசையிலேயே உட்கார்ந்து காட்டுவது: ஒருமுறை படிகளை மட்டும், மறுமுறை கை நுணுக்கத்தோடு, மூன்றாம் முறை ஏன் என்ற காரணத்தோடு. பிறகு அவளே தைக்க வேண்டும். தைத்தபடி என்னிடம் திருப்பிச் சொல்லவும் வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுது’ என்றுதான் வரும், ஒடிசாப் பிள்ளை ஆனாலும் ஒட்டன்சத்திரத்துப் பிள்ளை ஆனாலும். கடைசியாக, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஒரு ஆளைக் கைகாட்டிவிட்டு, முதல் நாள் அரை மணிக்கு ஒருதரம், அப்புறம் மெல்ல மெல்லக் குறைத்து, போய்ப் பார்ப்பது.

பாஷைக்கு: நல்ல கழுத்து ஒன்று, அலையடித்த கழுத்து ஒன்று, இரண்டு பீஸை மெஷினுக்கு மேலே கயிற்றில் தொங்கவிடுங்கள். அலையடித்ததில் எந்த இடத்தில் உடம்புத் துணி இழுபட்டதோ அங்கே சிவப்பு ஸ்டிக்கர். அதற்கு ஒடியா தெரிய வேண்டியதில்லை.

பயிற்சி வகுப்பைக் கலகலப்பாக்க விளையாட்டு வைக்க வேண்டுமா? பலூன் உடைப்பது, கண்ணைக் கட்டி நடப்பது போன்றவை?
– வாசகி, கோயம்புத்தூர்

பலூன் கம்பெனியில் என்றால் வையுங்கள்.

தனியார் மருத்துவமனையில் நர்ஸிங் சூப்பரின்டெண்ட். கை சுத்தம் பற்றி மாதா மாதம் வகுப்பு. தேர்வு வைத்தால் எல்லோரும் முழு மதிப்பெண். வார்டில் போய்ப் பார்த்தால் யாரும் செய்வதில்லை.
– வாசகி, மதுரை

முழு மதிப்பெண் வாங்குகிறார்கள் என்றால் பாடம் தெரிகிறது. கழுத்தில் கத்தி வைத்தால் செய்துவிடுவார்கள். அப்புறம் எதற்கம்மா மாதா மாதம்?

உங்கள் துறை எனக்குத் தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும். நீங்களும் எண்ணிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் சொன்ன ஐந்து தருணங்கள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: நோயாளியைத் தொடுமுன், சுத்தமாகச் செய்ய வேண்டிய சிகிச்சைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் படுக்கையைச் சுற்றியுள்ளதைத் தொட்ட பின். சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி, கையில் தேய்த்துக்கொள்ளும் ஹேண்ட்ரப் மருந்து என்றால் 20 முதல் 30. ஒரு ஷிப்டில் ஒரு நர்ஸ் 60 தடவை கழுவ வேண்டி வந்தால், சோப்பில் மட்டும் 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஓடிவிடும். வாஷ்பேசின் வார்டின் கோடியில் இருந்தால் நடை தனி. அந்த நேரத்தை ட்யூட்டி சார்ட்டில் யார் ஒதுக்கியிருக்கிறார்கள்?

ஒருநாள் காலை ஷிப்டில் ஒரு நர்ஸின் பின்னால் பேசாமல் நடந்து பாருங்கள், நோட்டோடு. கட்டிலுக்குக் கட்டில் ஹேண்ட்ரப் பாட்டில் இருக்கிறதா, பாட்டிலில் மருந்து இருக்கிறதா, அவள் கை அதனால் வெடித்து எரிகிறதா, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அவர் கை தேய்க்கிறாரா. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்து யாருக்கு வகுப்பு என்று முடிவு பண்ணுங்கள். அதைச் சொல்லத் தைரியம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். புது சாஃப்ட்வேருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். சாஃப்ட்வேர் வந்ததோ ஐந்து மாதம் கழித்து. எல்லாம் மறந்துபோச்சு. ‘பயிற்சிதான் கொடுத்தாச்சே’ என்று மேலிடத்தில் கடுகடுக்கிறார்கள்.
– வாசகர், தஞ்சாவூர்

மறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-ல் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பங்கு போய்விடுகிறது. உங்கள் மேலிடம் ஐந்து மாதம் எதிர்பார்க்கிறது.

சண்டைக்குப் போகாதீர்கள். தினம் செய்யும் நான்கைந்து வேலையை மட்டும், எந்தப் பொத்தானுக்கு அடுத்து எது என்று ஒரு அட்டையில் எழுதி, மானிட்டர் ஓரத்தில் செல்லோடேப்பால் ஒட்டுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் இரண்டே நாளில் ஜெராக்ஸ் கேட்பார். அந்த அட்டையைத்தான் முதலிலேயே அவர்கள் கொடுத்திருக்க வேண்டும்.

ஆட்களை எடுத்து, மூன்று மாதம் சோறு போட்டுத் தொழில் கற்றுக் கொடுத்தால், பக்கத்துக் கம்பெனி ஷிப்டுக்கு ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்து இழுத்துக்கொள்கிறான். இனி எதற்குக் கற்றுக் கொடுக்க வேண்டும்?
– வாசகர், பெருமாநல்லூர்

ஐயா, ஐம்பது ரூபாய்க்குத்தான் போகிறார்கள் என்று உங்களிடம் யார் சொன்னது? போகிறவர்களிடம் நான் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். முதலில் ‘வீட்ல வரச் சொல்றாங்க’ என்பார்கள். டீ வாங்கிக் கொடுத்து மறுபடி கேட்டால் வேறு வரும். கற்றுக்கொள்ளும் காலம் முடிந்து பீஸ் ரேட்டில் போட்டதும் கை ஓடாமல் சம்பளம் விழுந்தது, எல்லோர் முன்னாலும் பீஸைத் தூக்கி எறிந்தார்கள், ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை.

பயிற்சி ஹாலில் ஒரு மெஷினில் ஒரே தையலைப் பழக்கிவிட்டு, நேராக அவசர ஆர்டர் லைனில் கொண்டுபோய் உட்கார வைக்கிறீர்கள் அல்லவா? அந்த முதல் இரண்டு மூன்று வாரம்தான் ஆள் கழன்று ஓடும் வாரம். அதில் பாதிக் கூலியாவது உறுதி கொடுங்கள். ஒரு மூத்த டெய்லரைப் பக்கத்தில் போட்டு, அவருக்கு அதற்கென்று தனியாகக் காசு கொடுங்கள். சும்மா ‘பார்த்துக்கம்மா’ என்றால் அவர் தன் பீஸைத்தான் பார்ப்பார்.

அதன் பிறகும் சிலர் போவார்கள். உங்கள் கட்டிங் மாஸ்டர் எங்கே தொழில் கற்றார் என்று ஒருதரம் கேட்டுப் பாருங்களேன்.

தீயணைப்புப் பயிற்சி போன்றவை சட்டத்துக்காகச் செய்பவை. அவற்றிலும் பலனை அளக்க முடியுமா?
– வாசகர், ராணிப்பேட்டை

மற்ற எதையும்விட சுலபமாக. மணி அடித்ததிலிருந்து கடைசி ஆள் வெளியே வர எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தில் பாருங்கள். முன்கூட்டியே சொல்லாமல் அடிக்க வேண்டும். நான் அப்படி ஒருதரம் அடித்தபோது பின் கதவுப் பக்கம் ஓடின அத்தனை பேரும் திரும்பி ஓடி வந்தார்கள். கதவுக்கு முன்னால் அட்டைப் பெட்டி ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது, ஷிப்மெண்ட் நாள். அந்த வருடம் தீயணைப்பு வகுப்பில் எல்லோரும் பாஸ்.

உங்கள் பயிற்சியே படுதோல்வி அடைந்தது உண்டா? மறைக்காமல் சொல்லவும்.
– வாசகி, ஈரோடு

ஊசிக் கதையே போதாதா? சரி, இன்னொன்று.

ஒரு கம்பெனியில் செக்கிங் பெண்கள் 24 பேர் தினமும் இருபது நிமிடம் தாமதம். ‘டைம் மேனேஜ்மெண்ட் கிளாஸ் எடுங்க’ என்றார்கள். நான் அப்போது புதிதாகச் சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்த மிதப்பில் இருந்தேன். இரண்டு அரைநாள் வகுப்பு. அவசரமானது எது, முக்கியமானது எது என்று கட்டம் போடவைத்தேன். முந்தின ராத்திரியே டிபன் பாக்ஸை எடுத்துவைக்கச் சொன்னேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், வருகைப் பதிவில் கையெழுத்தும் போட்டார்கள். மறுநாளும் இருபது நிமிடம் தாமதம்.

மூன்றாம் நாள் அவர்கள் ஏறும் ஊரிலேயே போய் நானும் ஏறிக்கொண்டேன். எல்லோரும் ஏழரைக்கே டிபன் பாக்ஸோடு ரோட்டில் நின்றிருந்தார்கள். கம்பெனி வேன் வழியில் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது, தினமும் மாட்டிக்கொள்கிற அதே ரயிலுக்கு.

“இதை ஏம்மா கிளாஸ்ல சொல்லலை?” என்றேன்.

“நீங்க கேக்கவே இல்லீங்களேக்கா” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள். வேன் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த வகுப்புக்கு நான் கூப்பிடாத ஒரே ஆள் அவர்தான்.